கை உணர்வா, டோர்க் ரென்ச்சா, ஏஜென்ட் கராஜா? வாகன உடலின் போல்ட்டுகளை எதை நம்பி இறுக்குவது

உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் மட்கார்ட்டும் பொனட்டும் வாங்கியாயிற்று, தகடு நிமிர்த்தும் டிங்கரிங் வேலையும் முடிந்தது. இனிப் போல்ட்டுகளை நானே பூட்டலாமா, அதற்கென்று முறுக்குவிசையை அளந்து இறுக்கும் டோர்க் ரென்ச் வாங்க வேண்டுமா, இல்லை வாகனக் கம்பனியின் ஏஜென்ட்டிடமே கொண்டுபோய்விட வேண்டுமா? கொழும்பில் பழைய கார் வைத்திருக்கும் வாசகர்கள் இதைப் பல விதமாகக் கேட்கிறார்கள். கேள்வி பெருகியதற்குக் காரணமும் தெளிவு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலமெல்லாம் இருந்த வாகனத்தையே பழுதுபார்த்து ஓட்டினோம். ஒரே போல்ட்டைப் பல கைகள் கழற்றிப் பூட்டியிருக்கின்றன. கம்பனியில் பூட்டிய நாளில் இருந்த புரி (போல்ட்டின் திருகுவரி) இன்று அப்படியே இல்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழு வாகனத்துக்கும் ஒரே விடை கிடையாது. சில போல்ட்டுகளைக் கையால் இறுக்கினால் போதும். சிலவற்றை அளந்தே இறுக்க வேண்டும். இன்னும் சிலவற்றை வீட்டில் தொடவே கூடாது. கருவி வாங்குகிறவர்களில் பலர் சில்லு நட்டை மனதில் வைத்து, சொக்கெட் மாட்டும் முனை அரை அங்குலமான பெரிய ரென்ச்சை வாங்கிவிடுகிறார்கள். உடற்பகுதி வேலைக்கு அது அநேகமாகப் பயன்படாது.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

கருவியைப் பார்ப்பதற்கு முன் போல்ட்டைப் பாருங்கள். முதல் கேள்வி, அதை நம்பி என்ன இருக்கிறது என்பது. மட்கார்ட் தளர்ந்தால் சத்தம் வரும். ஆசனப்பட்டியின் நங்கூரப் போல்ட் கழன்றால் மனிதர் முன்கண்ணாடியில் மோதுவார். இந்த இரண்டையும் ஒரே கவனத்தோடு இறுக்குவது வீண்வேலை, ஒரே அலட்சியத்தோடு இறுக்குவது ஆபத்து.

அடுத்தது, போல்ட் எதற்குள் போகிறது என்பது. கார் உடலில் பெரும்பாலான போல்ட்டுகள் மெல்லிய தகட்டின் பின்புறம் வெல்டிங் செய்த நட்டுக்குள் போகின்றன. அளவு மீறி இறுக்கினால் சில வேளை வெல்டிங் விடுபட்டு, நட் உள்ளேயே போல்ட்டோடு சேர்ந்து சுழலத் தொடங்கும். பிறகு இறுக்கவும் முடியாது, கழற்றவும் முடியாது, தகட்டை வெட்டித்தான் ஆக வேண்டும். சில ரூபா பெறுமதியான போல்ட்டுக்காகத் தகடு வெட்டி, வெல்டிங் செய்து, பெயின்ட் அடிக்கும் செலவு இது. எந்த வழியைத் தேர்ந்தாலும் அதன் மறைவான செலவுகளில் இதுவே பெரியது.

மூன்றாவது, புரியின் நிலை. நான்காவது, ரென்ச் நுழைய இடம் இருக்கிறதா, கருவியில் அளவு காட்டும் ஊசியையோ திரையையோ கண்ணால் பார்க்க முடிகிறதா. ஐந்தாவது, வருடத்தில் எத்தனை தடவை இந்த வேலை வரும்.

கீழே உள்ளவை டொயோட்டாவின் பல சிறிய கார்களுடைய பழுதுபார்ப்புக் கைநூல்களில் வரும் அளவுகள். எந்த இடம் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று புரிந்துகொள்ளத் தருகிறேன். உங்கள் வாகனத்துக்குரிய எண்ணை அதன் கைநூலில் பார்த்தே இறுக்குங்கள். நி.மீ. என்பது முறுக்குவிசையின் அலகான நியூட்டன் மீற்றர். எம்6 என்றால் 6 மில்லிமீற்றர் குறுக்களவுள்ள புரி.

| இடம் | புரி | அளவு | தவறினால் |
|---|---|---|---|
| மட்கார்ட் | எம்6 | 5 முதல் 8 நி.மீ. | சத்தம், இடைவெளி கோணுதல், புரி சிதைவு |
| கதவுக் கீல் | எம்8 | 26 நி.மீ. | கதவு தொங்கும், பூட்டு சரியாக விழாது |
| முன் ஆசனத்தின் தரைப் போல்ட் | எம்10 | 37 நி.மீ. | மோதலில் ஆசனம் பெயரும் |
| ஆசனப்பட்டி நங்கூரம் | 7/16 அங்குலம் | 42 நி.மீ. | உயிர் |
| சில்லு நட் (ஒப்பீட்டுக்காக) | எம்12 | 103 நி.மீ. | சில்லு கழலும் |

உடற்பகுதி வேலை முழுவதும் 5 முதல் 42 வரையான எல்லைக்குள் அடங்கிவிடுவதைக் கவனியுங்கள். சில்லு நட் மட்டும் எங்கோ தனியே நிற்கிறது. பழைய ஜப்பானியக் கைநூலில் எண் கிலோகிராம் சென்ரிமீற்றரில் இருந்தால் ஏறத்தாழ 10.2 ஆல் வகுத்தால் நி.மீ. வரும். 265 என்று இருந்தால் அது 26.

## ரென்ச்சின் எண் முழு உண்மை அல்ல

தேர்வுக்கு முன் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் கொடுக்கும் முறுக்குவிசையில் ஏறத்தாழப் பாதி போல்ட்டின் தலைக்குக் கீழுள்ள உராய்வில் போய்விடுகிறது. இன்னொரு 40 சதவீதம் புரியின் உராய்வில் போகிறது. மிஞ்சும் பத்தில் ஒரு பங்குதான் இரண்டு தகடுகளையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கும் இழுவிசையாகிறது. உலர்ந்த எம்8 போல்ட்டை 25 நி.மீ. அளவுக்கு இறுக்கினால் ஏறத்தாழ 1,600 கிலோ எடைக்குச் சமமான பிடி கிடைக்கும். அதே புரியில் எண்ணெய் பூசிவிட்டு அதே 25 வரை இறுக்கினால் பிடி மூன்றில் ஒரு பங்கு வரை கூடிவிடலாம். ரென்ச் காட்டுவது ஒரே எண்தான். போல்ட் அனுபவிப்பது வேறு.

கொழும்பில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறான தொல்லைதான் வருகிறது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைக் கடலோரத்தில் இரவெல்லாம் நிற்கும் வாகனத்தின் அடிப்பக்கப் போல்ட்டுகளில் உப்புக்காற்று துருவை ஏற்றிவிடுகிறது. துருப்பிடித்த புரியில் உராய்வு அதிகம். அளவு வந்துவிட்டது என்று ரென்ச் ‘கிளிக்’ சத்தம் போட்டுவிடும், ஆனால் தகடுகள் சரியாக அழுந்தியிராது. ஆகவே புரியைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, நட்டுக்குள் புரி வெட்டும் டெப்பை ஒரு தடவை ஓட்டி, போல்ட்டை வெறும் விரலால் மூன்று நான்கு சுற்று உள்ளே அனுப்பிப் பாருங்கள். விரலால் போகாத போல்ட்டை எந்த ரென்ச்சாலும் காப்பாற்ற முடியாது.

டிங்கரிங் முடிந்த வாகனத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. பட்டியும் (தகட்டின் பள்ளத்தை நிரப்பும் பூச்சு) பெயின்ட்டும் தடித்த இடத்தின் மேல் போல்ட்டின் தலை உட்கார்ந்தால், அந்தப் படை நாளடைவில் நசுங்கி பிடி குறையும். கீல் உட்காரும் இடத்தில் பட்டி இருக்கவே கூடாது என்று டிங்கர் பாஸிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். புதிதாக பெயின்ட் அடித்த பாகத்தைப் பூட்டியிருந்தால் சில நூறு கிலோமீற்றர் ஓடிய பின் ஒருமுறை சரிபாருங்கள்.

## தேர்வு 1: கை உணர்வு

அனுபவமுள்ள பாஸ் ஒருவரின் மணிக்கட்டை நான் மதிக்கிறேன். எம்6 போல்ட்டுகளில் அது உண்மையாகவே போதுமானது. குட்டைப் பிடியுள்ள ஸ்பேனரோ டி ஸ்பேனரோ எடுத்து, தலை தகட்டில் உட்கார்ந்த பின் விரல் பலத்தால் சிறிது திருப்பி நிறுத்தினால் மட்கார்ட்டுக்கும் பஃபர் விளிம்புக்கும் உள்ளுறைக்கும் வேறெதுவும் தேவையில்லை. பெரிய ரெட்செட் பிடியைப் பயன்படுத்தும்போதுதான் கெடுகிறது. 15 சென்ரிமீற்றர் பிடியின் நுனியில் 5 கிலோ அளவுக்கு இழுத்தாலே 7 நி.மீ. ஆகிவிடுகிறது, பிடி 30 சென்ரிமீற்றரானால் அதே இழுப்பு 15 நி.மீ. எம்6 போல்ட் முறியும் எல்லைக்கு அது வந்துவிடும்.

கதவுக் கீலின் அளவிலிருந்து மேலே போகப் போகக் கை ஏமாற்றும். களைத்த மாலையில் இறுக்கும் அளவும் காலையில் இறுக்கும் அளவும் ஒன்றல்ல. படுத்துக்கொண்டு, வளைந்துகொண்டு இறுக்கும்போது உணர்வு இன்னும் மாறும். மறைவான செலவு: பூட்டிய போல்ட் சரியா என்று நாளை யாரும் சொல்ல முடியாது.

## தேர்வு 2: எயார் கன், மின்கல இம்பெக்ட்

காற்றாலோ மின்கலத்தாலோ போல்ட்டை வேகமாகச் சுழற்றும் இந்தக் கருவிகள் கழற்றுவதற்கு அருமையானவை. இறுக்குவதற்கு உடற்பகுதியில் இவற்றை அனுமதிக்காதீர்கள். கையடக்க மின்கல இம்பெக்ட் ஒன்றே 100 நி.மீ. எல்லையைத் தாண்டும், மட்கார்ட் போல்ட்டுக்குத் தேவை 8. விசையைக் கட்டுப்படுத்த விற்கப்படும் டோர்க் ஸ்டிக் கம்பிகள் சில்லு நட்டின் அளவுக்கானவை, எம்6, எம்8 பக்கம் அவை வருவதேயில்லை. வெல்டிங் நட் சுழலத் தொடங்கிய வாகனங்களின் கதையை விசாரித்தால் பெரும்பாலும் இந்தச் சத்தத்தில்தான் முடியும். கராஜில் வேலை நடக்கும்போது, கடைசிச் சுற்றைக் கையால் பூட்டும்படி கேளுங்கள். நல்ல பாஸ் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

## தேர்வு 3: ஊசி ரென்ச், கைத்தராசு

ஊசி காட்டும் ரென்ச் எளிமையான கருவி. வளையும் தண்டும் வளையாத ஊசியும் மட்டுமே இருப்பதால் பழுதாக உள்ளே பெரிதாக எதுவும் இல்லை. ஊசி சுழியத்தில் நின்றால் பெரும்பாலும் கருவி சரி. குறை என்னவென்றால், நேராக மேலிருந்து பார்த்தால்தான் எண் சரியாகத் தெரியும். ஆசனத்துக்கு அடியிலும் கதவுத் தூணுக்குள்ளும் அப்படிப் பார்க்க இடமிருக்காது.

கருவி எதுவும் இல்லாதவருக்கு ஒரு வழி உண்டு. விமானப் பயணத்துக்குப் பெட்டி நிறுக்கும் கைத்தராசு பல வீடுகளில் இருக்கிறது. ஸ்பேனர் பிடியில், போல்ட்டின் நடுவிலிருந்து 25 சென்ரிமீற்றர் தூரத்தில் அதைக் கொளுவி, பிடிக்குச் செங்குத்தாக மெல்ல இழுங்கள். 17 கிலோ காட்டும்போது 42 நி.மீ. ஆகிறது. கணக்கு சுலபம்: தேவையான நி.மீ. எண்ணை மீற்றரில் உள்ள தூரத்தால் வகுத்து, மறுபடி 9.8 ஆல் வகுத்தால் தராசு காட்ட வேண்டிய கிலோ. இழுக்கும் கோணம் சரிந்தால் கணக்கும் சரியும், அதனால் தினசரி வேலைக்கு இது உகந்ததல்ல. ஆனால் ஒரு பழைய ரென்ச் பொய் சொல்கிறதா என்று வீட்டிலேயே பார்க்க இதைவிட மலிவான முறை இல்லை.

## தேர்வு 4: கிளிக் ரென்ச்

முன்கூட்டிக் குறித்த அளவு வந்ததும் ‘கிளிக்’ என்று உணர்த்தும் ரென்ச் இது. சொந்தமாக வாங்க நினைக்கும் பெரும்பாலானோர் வந்து நிற்கும் இடமும் இதுதான். 2017இல் திருத்தப்பட்ட ஐஎஸ்ஓ 6789 நியமப்படி, 10 நி.மீ. வரையான கிளிக் ரென்ச்சில் 6 சதவீத விலகலும், அதற்கு மேற்பட்டதில் 4 சதவீத விலகலும் அனுமதிக்கப்படுகின்றன. வாகன உடலுக்கு இந்தத் துல்லியம் தாராளம்.

அளவெல்லைதான் தீர்மானம். அரை அங்குல ரென்ச்சுகள் பொதுவாக 40 நி.மீ. அளவிலிருந்து 200 வரை போகும், உடற்பகுதியின் போல்ட்டுகளில் பெரும்பாலானவை அதற்குக் கீழேயே முடிந்துவிடுகின்றன. எந்தக் கிளிக் ரென்ச்சும் தன் உச்ச அளவின் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே நம்பத்தகாதது. ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்பவருக்கு என் பரிந்துரை 3/8 அங்குலச் சதுரமுனையுள்ள, 20 முதல் 110 நி.மீ. வரை போகும் ரென்ச். கதவுக் கீல், ஆசனம், ஆசனப்பட்டி எல்லாம் அதில் அடங்கும். மேல்முனையில் சில்லு நட்டுக்கும் உதவும். எம்6 போல்ட்டுகளைக் கைக்கு விட்டுவிடலாம். கால் அங்குல ரென்ச் அடிக்கடி வேலை செய்பவருக்கு மட்டுமே.

விலையைப் பற்றிய தயக்கத்துக்கு ஒரு பதில்: சீனத் தயாரிப்பில் சாதாரணமான ஒன்று ஒரு கார் டயரின் விலைக்குள் அடங்கிவிடும். பழைய சோனகத் தெருவின் ஹார்ட்வேர் கடைகளில் பெட்டியைத் திறந்து, பிடியின் அளவுக்கோடுகள் தெளிவாக இருக்கின்றனவா, மிகக் குறைந்த அளவில் கிளிக் உணர முடிகிறதா என்று பாருங்கள். பாவித்த ரென்ச் வாங்கினால் மேலே சொன்ன கைத்தராசுப் பரிசோதனையைச் செய்யாமல் ஒரு போல்ட்டிலும் வைக்காதீர்கள்.

மறைவான செலவுகள் பழக்கத்தில் இருக்கின்றன. போல்ட்டைக் கழற்ற இதைப் பயன்படுத்தக் கூடாது. வேலை முடிந்ததும் குறைந்த அளவுக்குத் திருப்பி வைக்க வேண்டும், அதற்குக் கீழே போகக் கூடாது. ஒருமுறை சீமெந்துத் தரையில் விழுந்தால் அதன் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. வருடத்துக்கு ஒரு தடவை அல்லது 5,000 கிளிக்குக்கு ஒரு தடவை அளவுதிருத்தம் செய்வது வழக்கம். கொழும்பு 7, பௌத்தாலோக மாவத்தையிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனத்தின் அளவையியல் பிரிவு கருவிகளுக்கு அளவுதிருத்தம் செய்கிறது. உங்கள் ரென்ச்சின் எல்லையை ஏற்கிறார்களா என்று கேட்டுவிட்டுப் போங்கள். வருடம் சில போல்ட் மட்டும் இறுக்குபவருக்கு இந்தச் செலவு ரென்ச்சின் விலையை எட்டிவிடக்கூடும். அவருக்குத் தராசுப் பரிசோதனையே போதும்.

பாவிக்கும்போது மெதுவாக, ஒரே ஓட்டமாக இழுங்கள். முதல் கிளிக்கில் நிறுத்துங்கள். ‘இன்னும் ஒரு கிளிக் பாதுகாப்புக்கு’ என்று இழுப்பவர் அளவைத் தாண்டிவிடுகிறார். நேரான நீட்டுக்கம்பி அளவை மாற்றாது. பக்கவாட்டில் நீளும் குரோஃபூட் துண்டு மாற்றும். ஆனால் அதை ரென்ச்சுக்குச் செங்கோணத்தில் பொருத்தினால் திருத்தம் தேவையில்லை.

## தேர்வு 5: டிஜிட்டல் அடாப்டர்

சாதாரண ரெட்செட்டுக்கும் சொக்கெட்டுக்கும் இடையில் பூட்டும் சிறு கருவி. எண் திரையில் தெரியும், அளவு வந்ததும் ஒலி எழுப்பும். ஏற்கெனவே நல்ல ரெட்செட் வைத்திருப்பவருக்கும், பிறர் பூட்டியதைச் சரிபார்க்க விரும்புபவருக்கும் பொருத்தம். மின்கலம் தீர்ந்தால் வேலை நிற்கும், இடுக்கில் திரை மறையும், ரெட்செட்டின் நீளமும் கூடிவிடும். கிளிக் ரென்ச்சுக்குப் பதிலாக இதை நான் தேர்வதில்லை.

## தேர்வு 6: ஏஜென்ட் கராஜ்

கூலி அதிகம், நாள் கேட்டுக் காத்திருக்க வேண்டும், வெளியில் வாங்கிய பாகத்தைப் பூட்ட மறுக்கவும் கூடும். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கென்று தயாரான மாதிரி என்றால் ஏற்பார்களா என்றும் முன்பே கேட்க வேண்டும். இத்தனைக்கும் பிறகும் சில வேலைகளுக்கு நான் வேறெங்கும் போகச் சொல்ல மாட்டேன்.

காரணம், உங்கள் மாதிரிக்குரிய கைநூல் அவர்களிடம் இருக்கிறது. என்ஜினையும் முன் சஸ்பென்ஷனையும் தாங்கும் அடிச்சட்டகத்தின் போல்ட்டுகளில் சில, ஓர் அளவுக்கு இறுக்கிப் பின் குறித்த கோணம் திருப்ப வேண்டியவை. அவற்றில் சில ஒருமுறை மட்டுமே பாவிக்கத்தக்கவை. அவற்றைக் கழற்றினால் புதியதுதான் பூட்ட வேண்டும். எயார்பேக் இணைந்த ஆசனமும் ஆசனப்பட்டி இறுக்கியும் வெறும் போல்ட் வேலை அல்ல. வேலை முடிந்த பின் எழுத்தில் ஒரு பில் கிடைப்பதும் காப்புறுதிக் கோரிக்கைக்கு உதவும்.

## யாருக்கு எது

மட்கார்ட், பஃபர், விளக்கு மட்டும் மாற்றுபவர் கருவி வாங்க வேண்டாம். குட்டை ஸ்பேனரும் பொறுமையும் போதும். மிஞ்சும் பணத்தில் சரியான கிளிப் நட்டுகளும் புதிய போல்ட்டுகளும் வாங்குங்கள். வயர்க்கம்பியும் சம்பந்தமில்லாத ஸ்குருவும் கொண்டு கட்டிய மட்கார்ட்தான் காலி வீதியின் ஒவ்வொரு குழியிலும் சத்தம் போடும்.

கதவு, பொனட், ஆசனம் என்று வருடத்தில் இரண்டு மூன்று தடவை கழற்றிப் பூட்டுபவர் 3/8 அங்குலக் கிளிக் ரென்ச் வாங்குவது நியாயம். அண்ணன் தம்பியோ ஒரே தொடர்மாடியில் இருக்கும் நண்பர்களோ சேர்ந்து வாங்கினால் இன்னும் நல்லது, யார் கையிலும் கீழே விழாமல் இருந்தால் சரி.

டிங்கரிங் கராஜில் விடுபவர், வேலை தொடங்கும் முன்னரே கீல், ஆசனம், ஆசனப்பட்டி மூன்றையும் டோர்க் ரென்ச்சால் பூட்டி, தலையில் பெயின்ட் கோடு இடும்படி கேளுங்கள். கோடு உடைந்திருந்தால் போல்ட் நகர்ந்திருக்கிறது என்று எவரும் பார்த்த உடனே அறியலாம். ரென்ச் இல்லாத கராஜுக்கு உங்களுடையதையே கொண்டுபோங்கள்.

ஆசனப்பட்டியின் நங்கூரத்துக்கு ஹார்ட்வேர் கடைப் போல்ட்டைப் பூட்டவே வேண்டாம். அந்தப் புரி பொதுவாக 7/16 அங்குலம், ஓர் அங்குலத்துக்கு 20 சுற்று, இடைவெளி 1.27 மில்லிமீற்றர். எம்10 போல்ட்டின் நுண்புரி 1.25. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் எம்10 உள்ளே போவது போலவே தோன்றும், ஆனால் குறுக்களவு ஒரு மில்லிமீற்றருக்கு மேல் குறைவு என்பதால் பிடி இருக்காது. பளபளக்கும் துருப்பிடிக்காத எஃகுப் போல்ட்டும் மாற்றாகாது. அதில் வழமையான ஏ2-70 வகை நிரந்தரமாக நீளத் தொடங்கும் எல்லை சதுர மில்லிமீற்றருக்கு 450 நியூட்டன். வலுவான எஃகில் செய்த 8.8 தரப் போல்ட்டுக்கு அது 640. பழைய போல்ட் தொலைந்திருந்தால் பஞ்சிகாவத்தையில் அதே மாதிரி வாகனத்திலிருந்து கழற்றிய, புரி நலியாத அசல் போல்ட்டைத் தேடுங்கள், இல்லையேல் ஏஜென்ட்டிடம் புதிதாக வாங்குங்கள்.

பாடசாலை வேன் ஓட்டுபவர்களுக்குத் தனியே சொல்ல வேண்டும். கூடுதல் ஆசனங்களைப் பூட்டும்போது தரைத் தகட்டில் துளையிட்டு, கீழே சிறு வாஷர் மட்டும் வைத்து இறுக்கும் வேலையை நான் பல வேன்களில் பார்த்திருக்கிறேன். அங்கே எந்த ரென்ச்சும் எந்த எண்ணும் உதவாது. மோதலில் போல்ட் முறியாது, வாஷரோடு தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். முதலில் தகட்டுக்கு அடியில் அகலமான எஃகுத் தட்டு வைத்து, 8.8 தரப் போல்ட்டும் நைலோன் வளைய நட்டும் போட்டு, அதன் பிறகு டோர்க் ரென்ச்சை எடுங்கள். அடிச்சட்டத்தோடு இணைக்க இடமிருந்தால் தகட்டை நம்பாமல் அங்கேயே பூட்டச் சொல்லுங்கள். இந்த வேலையைத் தெரிந்த வெல்டிங் கராஜில் கொடுத்து, நீங்கள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு ஆசனத்துக்கும் அடியில் தட்டு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.